படம் பிந்தினால் யாருக்கு நட்டம்?

"அக்கா, அடுத்த பாண்ட் படத்துக்கு டேட் சொல்லிட்டினமா?" என்று கேட்டு எனக்கு மாதம் ஒரு மெசேஜாவது வருகிறது. எம்ஐ6 அலுவலகத்தில் எனக்கு ஆள் இருக்கிறது என்று யாரோ கதை கட்டிவிட்டார்கள் போல. தமிழ்ப் படம் பார்க்கிற கூட்டத்திடமிருந்து வருகிற கேள்வி வேறு: "துருவ நட்சத்திரம் வருமா, வராதா?" இரண்டு கேள்விகளும் ஒரே ஏக்கத்திலிருந்துதான் வருகின்றன. அவற்றோடு ஒட்டிக்கொண்டு வருகிற கோபத்தைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறேன்.

அந்தக் கோபத்தை உங்களுக்கும் தெரியும். "எங்களை ஏமாத்திட்டாங்கள்." "ரசிகனுக்கு ஒரு மரியாதை இல்லை." "இனிமேல் தியேட்டர் பக்கமே போகமாட்டேன்." (போவார்கள். முதல் நாள் முதல் காட்சிக்கே போவார்கள்.) ஒரு பெரிய படம் தள்ளிப்போனால் உலகத்திலேயே அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் நாங்கள்தான் என்று ரசிகர்கள் நினைக்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. படம் பிந்தும்போது உண்மையில் அடி வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களைப் பற்றி யோசித்தால் எங்கள் கோபம் போகவேண்டிய இடமும் மாறிவிடும்.

ஒரு படம், ஆறு தேதி

'நோ டைம் டு டை' படத்தை எடுத்துக்கொள்வோம். டேனியல் கிரேய்க் ஜேம்ஸ் பாண்டாக நடித்த கடைசிப் படம். பிரித்தானியாவில் அது முதலில் வருவதாக இருந்தது 2019 அக்டோபரில். இயக்குநராக அறிவிக்கப்பட்டிருந்த டேனி பாயல் 2018 ஓகஸ்டில் விலகினார். கேரி ஜோஜி ஃபுகுனாகா வந்தார். தேதி 2020 பெப்ரவரிக்குப் போனது, பிறகு ஏப்ரலுக்கு. நடுவில் ஜமேக்காவில் படப்பிடிப்பு நடந்தபோது கிரேய்க்குக் கணுக்காலில் அடிபட்டு, சின்னச் சத்திரசிகிச்சையும் நடந்தது. இதுவரைக்கும் எல்லாப் பெரிய படத்துக்கும் நடக்கிற கதைதான்.

அதற்குப் பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச் 4ஆம் தேதி படத்தை நவம்பருக்குத் தள்ளினார்கள். கொரோனாவுக்காகத் தேதி மாற்றிய முதல் பெரிய ஹொலிவுட் படம் இதுதான். பிரித்தானியாவில் ஊரடங்கு வந்தது அதற்கு 19 நாள் கழித்து, மார்ச் 23ஆம் தேதி. அக்டோபர் மாதம் திரும்பவும் தள்ளினார்கள், 2021 ஏப்ரலுக்கு. 2021 ஜனவரியில் இன்னொரு தடவை, அந்த வருட அக்டோபருக்கு. கடைசியில் 2021 செப்டம்பர் 28ஆம் தேதி லண்டன் ரோயல் ஆல்பர்ட் ஹோலில் சிறப்புக் காட்சி நடந்து, 30ஆம் தேதி பிரித்தானியத் தியேட்டர்களுக்குப் படம் வந்தது.

இதில் ஒரு பகிடி இருக்கிறது. படத்தின் பாட்டை பில்லி ஐலிஷ் பாடி 2020 பெப்ரவரியிலேயே வெளியிட்டுவிட்டார்கள். அந்தப் பாட்டு 2021 மார்ச்சில் கிராமி விருதும் வாங்கிவிட்டது, படத்துக்காக எழுதிய சிறந்த பாட்டு என்று. படம் அப்போதும் பெட்டிக்குள்தான் இருந்தது. பிள்ளை பிறக்க முதலே பிள்ளையின் பிறந்தநாள் கேக்குக்குப் பரிசு கொடுத்த மாதிரி.

தள்ளிப்போடச் சொன்ன ரசிகர்கள்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பலருக்கு நினைவில் இல்லை. 2020 மார்ச் 2ஆம் தேதி, அதாவது தயாரிப்பாளர்கள் தேதியை மாற்ற இரண்டு நாள் முதல், பாண்ட் ரசிகர்களுக்காகவே நடக்கிற இரண்டு பிரபலமான இணையத்தளங்களின் நிறுவனர்கள் ஒரு திறந்த மடல் எழுதினார்கள். படத்தைச் சீக்கிரம் விடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. தள்ளிப்போடுங்கள் என்று கேட்டார்கள். விளம்பரத் திட்டத்தையும் செலவையும் விட மக்களுடைய உடல்நலம் பெரிது என்பதுதான் அவர்களுடைய வாதம். பெரிய மண்டபத்தில் பல நாட்டிலிருந்தும் ஆட்களைக் கூட்டி விழா வைத்தால் நோய் பரவும் என்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். வருடக்கணக்காகப் பாண்டைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறவர்கள். அந்தப் படத்தை அவர்களை விட ஆசையாக எதிர்பார்த்தவர்கள் யார் இருந்திருப்பார்கள்? இருந்தும், படம் ஓடுகிற மண்டபத்துக்குள் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை அவர்கள் முதலில் நினைத்தார்கள். ரசிகன் என்ற சொல்லுக்கு மரியாதை கேட்கிறவர்கள் இதைத்தான் முன்மாதிரியாக எடுக்கவேண்டும். மரியாதை கேட்டு வாங்குகிற சாமான் இல்லை. இப்படி நடந்துகொண்டால் அது தானாக வரும்.

அந்தத் தள்ளிவைப்பு சரியான முடிவு என்று இன்றைக்கு யாருமே மறுக்கமாட்டார்கள். அன்றைக்கு மறுத்தவர்கள் ஏராளம். "ஒரு காய்ச்சலுக்குப் போய்ப் படத்தை நிறுத்துவதா?" என்று கேட்டவர்களை எனக்கு நேரிலேயே தெரியும்.

பொப்கோர்ன் விற்றவர்களுக்கு என்ன ஆனது?

இரண்டாவது தள்ளிவைப்பின் கதை அவ்வளவு சுகமானது இல்லை.

2020 கோடையில் பிரித்தானியத் தியேட்டர்கள் பயந்து பயந்து திறந்தன. இருக்கைக்கு இருக்கை இடைவெளி, முகக்கவசம், கை கழுவ மருந்து. புதுப்படம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் ஒன்றும் இல்லை. ஓகஸ்ட் கடைசியில் கிறிஸ்டோபர் நோலனின் 'டெனெட்' வந்தது. அதுவும் ஒருவகையில் உளவுப் படம்தான். உலகம் முழுக்க ஏறத்தாழ 365 மில்லியன் டொலர் வசூலித்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை என்று தோன்றலாம். ஆனால் தயாரிப்புக்கே ஏறத்தாழ 200 மில்லியன் போன படம் அது. விளம்பரச் செலவையும் தியேட்டர்காரர் பங்கையும் கழித்தால் மிச்சம் ஒன்றும் பெரிதாகத் தேறாது. அதைப் பார்த்த மற்ற ஸ்டூடியோக்கள் பயந்துவிட்டன. தியேட்டர்காரர்கள் நவம்பரில் வரப்போகிற பாண்டை நம்பி இருந்தார்கள்.

அக்டோபர் 2ஆம் தேதி பாண்ட் வரமாட்டார் என்று அறிவிப்பு வந்தது. மூன்று நாள் கழித்து, சினிவேர்ல்ட் நிறுவனம் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் தன்னுடைய 663 தியேட்டர்களையும் மூடப்போவதாக அறிவித்தது. ஏறத்தாழ 45,000 பேருடைய வேலை அதோடு தொங்கியது. அரசாங்கம் வேலையாட்களின் சம்பளத்துக்கு உதவுகிற திட்டமும் அந்த மாதக் கடைசியோடு முடிவதாகத்தான் அப்போது இருந்தது. பிறகுதான் அதை நீட்டினார்கள்.

45,000 என்பது ஒரு எண். எனக்கு அது ஒரு முகமாகவும் இருக்கிறது. என் சித்தியின் மகன் அப்போது வேறொரு தியேட்டரில் வேலை செய்துகொண்டிருந்தான். யூனிவர்சிட்டிச் செலவுக்காக வார இறுதியில் டிக்கெட் கிழிப்பான், காட்சி முடிந்ததும் இருக்கைகளுக்கு அடியில் கூட்டுவான். வாரத்துக்கு இத்தனை மணித்தியாலம் வேலை தருவோம் என்று உறுதி சொல்லாத ஒப்பந்தம். நவம்பருக்கு நிறைய நேரம் கிடைக்கும், பாண்ட் வருகிறது என்று மேனேஜர் சொல்லியிருந்தாராம். அதை நம்பி அவன் வாடகைக் கணக்குப் போட்டு வைத்திருந்தான். செய்தி வந்த அன்று நான் போன் எடுத்தேன். "அக்கா, பாண்ட் உலகத்தைக் காப்பாத்துறது கிடக்கட்டும். என்ர ஷிப்டைக் காப்பாத்தினால் போதும்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அந்த மாத வாடகையைச் சித்தப்பாதான் கட்டினார்.

அதே நாள் என் போனில் ரசிகர்களின் புலம்பலும் நிறைந்துகொண்டிருந்தது. "என் வருசமே போச்சு" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய வருடம் போகவில்லை. அவருடைய ஒரு மாலைப் பொழுது போனது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் சொல்லவருகிறேன்.

அப்படியென்றால் அந்த நவம்பரில் படத்தை விட்டிருக்கவேண்டுமா? இல்லை. தியேட்டர்கள் மறுபடியும் மூடவேண்டி வந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தள்ளிப்போட்டது சரி. தவறு எங்கே என்றால், ஒவ்வொரு தடவையும் அடுத்த தேதியைக் கல்லில் வெட்டினது மாதிரி அறிவித்ததில்தான். நவம்பர், பிறகு ஏப்ரல், பிறகு அக்டோபர். ஸ்டூடியோவுக்கு அது நாட்காட்டியில் ஒரு கட்டம். தியேட்டரில் வேலை செய்கிறவனுக்கு அது அடுத்த மாத வாடகை. காப்பாற்ற முடியுமோ என்று தெரியாத தேதியை அறிவிப்பதற்குப் பதிலாக "நிலைமை தெளிந்ததும் சொல்கிறோம்" என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல ஏன் யாருக்கும் மனம் வருவதில்லை?

தேதி என்பது துண்டு போட்டு இடம் பிடிப்பது

காரணம் இருக்கிறது. பெரிய படங்களுக்குத் தேதி என்பது பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல. நான் இங்கே இருக்கிறேன், நீ வேறு இடம் பார் என்று மற்றவர்களுக்குச் சொல்வது. படம் தயாரா என்பது அடுத்த விஷயம்.

2023இல் 'மிஷன் இம்பாசிபிள்' வரிசையின் ஏழாவது படத்துக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். அதுவும் 2021 ஜூலையில் வருவதாக இருந்து, நாலு தடவை தள்ளி, 2023 ஜூலை நடுப்பகுதியில் வந்தது. ஐமேக்ஸ் திரைகளில் அதற்கு ஒரு கிழமையளவுதான் இடம் கிடைத்தது. ஏனென்றால் ஜூலை 21ஆம் தேதி நோலனின் 'ஒப்பன்ஹைமர்' வருவதாக முதலே துண்டு போட்டிருந்தார்கள். அதே நாளில் 'பார்பி'யும் வந்தது. ரொம் குரூஸ் மலை உச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளோடு குதித்தார். நாட்காட்டியைத் தாண்டிக் குதிக்க அவராலும் முடியவில்லை.

இன்னொரு பக்கம், பாண்ட் மாதிரிப் படங்களோடு கைக்கடிகாரம், கார் என்று எத்தனையோ கம்பனிகளின் விளம்பரங்களும் சேர்ந்து ஓடுகின்றன. பாட்டு, போஸ்டர், டிரெய்லர் எல்லாவற்றுக்கும் தேதி வேண்டும். ஆகவே தேதி இல்லாத பெரிய படம் என்று ஒன்றை இந்த வியாபாரத்தால் தாங்கமுடியாது. எங்கள் எதிர்பார்ப்பும் அந்த வியாபாரத்தின் ஒரு பகுதிதான். அதை அவர்கள்தான் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார்கள். வளர்ந்தபிறகு பழம் எங்கே என்று நாங்கள் கேட்டால் தோட்டக்காரரைக் காணவில்லை.

தமிழ்ப் படம் பிந்துவது வேறு கதை

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். தமிழிலும் உளவுப் படங்கள் பிந்தின. ஆனால் காரணங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

2013 ஜனவரி 25ஆம் தேதி கமல் ஹாசனின் 'விஸ்வரூபம்' வருவதாக இருந்தது. சில முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்ததும், சட்டம் ஒழுங்கு கெடும் என்று சொல்லித் தமிழ்நாட்டு அரசு 15 நாளுக்குத் தடை போட்டது. வழக்கு, மேல்முறையீடு, பேச்சுவார்த்தை என்று போய், சில இடங்களில் ஒலியை நீக்குவதற்குக் கமல் ஒத்துக்கொண்ட பிறகு பெப்ரவரி 7ஆம் தேதி அங்கே வந்தது. இதில் விசித்திரம் என்னவென்றால், அமெரிக்கா போன்ற வெளிநாடுகளில் அது சொன்ன நேரத்திலேயே ஓடியது. எப்போதும் சென்னைக்குப் பிறகு பார்த்துப் பழகிய எங்கள் ஆட்கள் அந்தத் தடவை சென்னைக்கு முதல் பார்த்தார்கள். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குள் ஒரு முள்ளும் இருந்தது. ஒரு கலைஞன் தன் சொந்த ஊரிலேயே படத்தைக் காட்ட முடியாமல், நாட்டை விட்டே போகவேண்டி வரலாம் என்று பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். அதன் இரண்டாம் பாகம் வர 2018 ஓகஸ்ட் ஆகிவிட்டது.

'துருவ நட்சத்திரம்' இன்னும் நீளமான கதை. கௌதம் வாசுதேவ் மேனன் அதை முதலில் 2013இல் சூர்யாவோடு தொடங்க இருந்தார். அது நடக்கவில்லை. 2017இல் விக்ரமை வைத்துப் படப்பிடிப்புத் தொடங்கியது. ஹாரிஸ் ஜெயராஜ் இசை. டீசர் வந்தது, பாட்டு வந்தது, படம் வரவில்லை. கடைசியில் 2023 நவம்பர் 24 என்று தேதி சொன்னார்கள். முன்பதிவும் தொடங்கியது. அன்று விடியப்புறம், மன்னிக்கவேண்டும், இன்று முடியவில்லை என்று இயக்குநரே அறிவித்தார். வேறொரு படத்துக்காக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற வழக்கு நடுவில் நின்றது. துருவ நட்சத்திரம் என்றால் வானத்தில் இடம் மாறாமல் நிற்கிற வெள்ளி. நட்சத்திரம் நகரவில்லை, தேதிதான் நகர்ந்தது என்று அன்றைக்கு நாங்கள் பகிடி விட்டோம்.

பகிடிக்குப் பின்னால் இருக்கிற விஷயம் இதுதான். தமிழ் சினிமாவில் படம் வெளிவருகிற நாள்தான் கடன்காரர்களுக்குக் கடைசிச் சந்தர்ப்பம். படம் ஓடத் தொடங்கிவிட்டால் பிடி போய்விடும் என்று தெரியும். ஆகவே முதல் நாள் இரவு எல்லாரும் வருவார்கள். கொடுக்கவேண்டியதைக் கொடுத்தால்தான் விடுவார்கள். இப்போதெல்லாம் படம் தியேட்டருக்குப் பூட்டிய நிலையில்தான் வருகிறது. கேடிஎம் என்று சொல்கிற டிஜிட்டல் சாவி வந்தால்தான் திறக்கும். அந்தச் சாவி குறிப்பிட்ட தியேட்டருக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் வேலை செய்யும். லண்டனிலோ டொரோண்டோவிலோ தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு "கேடிஎம் வந்திட்டுதாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள் என்றால், சென்னையில் யாரோ ஒருவருடைய கணக்கு இன்னும் தீரவில்லை என்று அர்த்தம்.

ஆக, "படம் பிந்திவிட்டது" என்ற ஒரே வசனத்துக்குள் மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. பாண்ட் பிந்தியது ஒரு நோயால். விஸ்வரூபம் பிந்தியது ஒரு தடையால். துருவ நட்சத்திரம் பிந்தியது பணத்தால். முதலாவதைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். இரண்டாவதை எதிர்த்துக் கேட்கவேண்டும். மூன்றாவதில், படம் எடுக்கிற முறையே மாறவேண்டும் என்று சொல்லவேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி நடிகரின் பக்கத்துக்குப் போய்த் திட்டி எழுதினால் எதுவுமே மாறாது. அவர் தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

"அப்டேட்" என்ற நோய்

2021 பெப்ரவரியில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் இங்கிலாந்தும் டெஸ்ட் விளையாடின. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்ற மொயின் அலியைப் பார்த்து ரசிகர்கள் "வலிமை அப்டேட்" கேட்டார்கள். பர்மிங்ஹாமில் பிறந்து வளர்ந்த மனிதர். அஜித் படத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? எனக்கும் சிரிப்பு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே மாதம் அஜித் ஓர் அறிக்கை விட்டுப் பொறுமையாக இருங்கள் என்று கேட்கவேண்டி வந்தது. சினிமா உங்களுக்குப் பொழுதுபோக்கு, எனக்குத் தொழில் என்ற கருத்தில் அது இருந்தது. உலகமே நோயில் கிடந்த காலம் அது. படப்பிடிப்பில் இருந்த ஒவ்வொருவரும் வீட்டுக்குத் திரும்பும்போது எதைக் கொண்டுபோகிறோமோ என்று பயந்துகொண்டிருந்த நேரம்.

காத்திருப்பதை நான் குறை சொல்லவில்லை. காத்திருப்பு ஒரு சுகம். டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது, கதையை ஊகிப்பது, மச்சான்மாரோடு சண்டை பிடிப்பது எல்லாமே படத்தின் பாதிச் சந்தோஷம். ஆனால் காத்திருப்பை நாங்கள் வங்கியில் போட்ட பணம்போல நினைக்கத் தொடங்கினால்தான் பிரச்சினை. இரண்டு வருடம் காத்திருந்தேன், ஆகவே படம் இரண்டு வருட வட்டியோடு நன்றாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். படம் எடுத்தவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது. 'நோ டைம் டு டை' 2019 கடைசியிலேயே படப்பிடிப்பு முடிந்த படம். நாங்கள் காத்திருந்த காலத்தில் அது பெட்டிக்குள் இருந்தபடி வளரவில்லை. எங்கள் தலைக்குள்தான் வளர்ந்தது.

அதனால்தான் படம் வந்தபோது அதன் முடிவைப் பற்றி அவ்வளவு சண்டை. (முடிவை இங்கே சொல்லமாட்டேன். இன்னும் பார்க்காத தம்பி தங்கச்சிமார் இருக்கலாம்.) பலபேர் தங்கள் தலைக்குள் எழுதி வைத்திருந்த படத்தோடு திரையில் ஓடிய படத்தை ஒப்பிட்டுக் கோபப்பட்டார்கள். எனக்கு அந்த முடிவு பிடித்தது. அது என் ரசனை. உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் "இதுக்காகவா இவ்வளவு நாள் காத்திருந்தேன்" என்பது விமர்சனம் ஆகாது. அது படத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

தள்ளிப்போனதால் படம் செத்துப்போகவும் இல்லை. உலகம் முழுக்க ஏறத்தாழ 774 மில்லியன் டொலர் வசூலித்தது. ரோயல் ஆல்பர்ட் ஹோலில் நடந்த முதல் காட்சிக்கு நடிகர்களோடு மருத்துவப் பணியாளர்களையும் அழைத்திருந்தார்கள். அந்த 18 மாதத்தில் உலகத்தைக் காப்பாற்றியவர்கள் யார் என்பதில் பாண்டுக்கே சந்தேகம் இருந்திருக்காது.

நாங்கள் எதைக் கேட்கவேண்டும்?

வெறுமனே பொறுமையாக இருங்கள் என்று சொல்லி முடித்தால் எங்கள் அம்மம்மா சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்காது. நான் சொல்வது, கேளுங்கள், ஆனால் சரியானதைக் கேளுங்கள் என்றுதான்.

முதலாவது, காரணத்தைக் கேளுங்கள். "தவிர்க்கமுடியாத காரணங்களால்" என்பது காரணம் இல்லை. நோயா, பணமா, தடையா, படம் இன்னும் முடியவில்லையா? சொன்னால் ரசிகர்களுக்கு விளங்கும். சொல்லாவிட்டால் வதந்தி அந்த இடத்தில் வந்து குந்திக்கொள்ளும்.

இரண்டாவது, சாவி கைக்கு வராத படத்துக்கு டிக்கெட் விற்காதீர்கள் என்று கேளுங்கள். வெளிநாட்டில் தமிழ்ப் படத்துக்குப் பல ஊர்களில் வார இறுதியில் இரண்டு மூன்று காட்சிதான். விலையும் கூட. ஒரு தடவை எங்கள் குடும்பம் ஆறு டிக்கெட் எடுத்து, 40 நிமிடம் கார் ஓடிப் போய், படம் வரவில்லை என்று வாசலில் ஒட்டியிருந்த கடதாசியை வாசித்துவிட்டுத் திரும்பினோம். எந்தத் தியேட்டர் என்பது தேவையில்லை. டிக்கெட் காசு திரும்பி வந்தது. முன்பதிவுக் கட்டணம் வரவில்லை. ஆறு பேருக்கு அது சின்னத் தொகை. அந்த வார இறுதியில் எத்தனை ஊரில் எத்தனை ஆறு பேர் என்று பெருக்கிப் பாருங்கள். படம் வராவிட்டால் முழுக்காசும் தானாகவே திரும்பவேண்டும். இதைக் கேட்பதற்குக் கூச்சமே படவேண்டாம்.

மூன்றாவது, யாரைக் கேட்கிறோம் என்று பாருங்கள். அன்று வாசலில் நின்ற பையனுக்கு வயது 18, 19 இருக்கும். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு மாமா அவனைப் பார்த்துக் கத்தினார். அவன் தமிழன்கூட இல்லை. கேடிஎம் என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவனும் அந்த இரவுக்குச் சம்பளம் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டுதான் நின்றிருப்பான். எழுதவேண்டியது வினியோகஸ்தருக்கு, முன்பதிவு செய்த கம்பனிக்கு. அதுவும் மரியாதையாக, டிக்கெட் இலக்கத்தோடு.

நாலாவது, பொறுக்கமுடியவில்லை என்று திருட்டுப் பிரதியைத் தேடாதீர்கள். கடன் தீராததால் படம் நிற்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஓசியில் பார்க்கிற ஒவ்வொருவரும் அந்தக் கடனில் இன்னும் கொஞ்சம் கூட்டுகிறார்கள்.

இனி அந்தப் பாண்ட் கேள்வி. பாண்ட் உலகத்துக்கு இது புதிதும் இல்லை. 1989இல் 'லைசன்ஸ் டு கில்' வந்தபிறகு, சட்டச் சிக்கலால் அடுத்த படமான 'கோல்டன்ஐ' வர 1995 ஆனது. ஆறு வருடம். இணையம் கைக்குள் இல்லாத காலம், அப்டேட் கேட்க ஆளில்லை. படம் வந்தது, மக்கள் போய்ப் பார்த்தார்கள். இப்போது பாண்டின் பொறுப்பு அமேசான் எம்ஜிஎம் கையில் இருக்கிறது. 2025இல் டெனி வில்நெவ்வை இயக்குநராகவும் ஸ்டீவன் நைட்டை எழுத்தாளராகவும் அறிவித்தார்கள். 'டூன்' எடுத்த மனிதர் அவசரப்படமாட்டார் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அவரை யாரும் அவசரப்படுத்தவும் கூடாது. கதை முடியட்டும், படம் முடியட்டும், பிறகு தேதி சொல்லட்டும். சொன்ன தேதியில் வரட்டும்.

அதுவரைக்கும், நீங்கள் அடுத்த தடவை தியேட்டருக்குப் போகும்போது ஒரு சின்ன வேலை செய்யுங்கள். படம் முடிந்து விளக்குப் போட்டதும் உங்கள் பொப்கோர்ன் பெட்டியை நீங்களே எடுத்துக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் போடுங்கள். வாசலில் நிற்கிற பிள்ளைக்கு ஒரு தாங்க்ஸ் சொல்லுங்கள். எந்தப் படம் வந்தாலும் வராவிட்டாலும், உங்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது அந்தப் பிள்ளைதான்.